‘அவர்’ என்ற சொல்லும் எங்கள் இசை ஆசிரியரும்

தமிழ் இலக்கணம் கற்பிப்பவரை யாரும் மனமுவந்து விருந்துக்கு அழைப்பதில்லை. வந்தவர் அழைப்பிதழைத் திருத்தத் தொடங்கிவிடுவார் என்ற அச்சம். என்னைப் போலவே சிவப்பு மையோடு வாழ்ந்து வீட்டாரிடம் வசைபட்ட ஆசிரியர்களுக்கு இது விளங்கும். எழுபதுகளில், தென் கல்கத்தாவில் தமிழ்ப் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியில் நான் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சிகள் இவை.

வந்தானா, வந்தாளா?

எங்கள் மாணவர்கள் வீட்டில் தமிழும் வீதியில் வங்காளமும் பேசி வளர்ந்தவர்கள். வங்காளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘சே’ என்ற ஒரே சொல்தான், வினைமுற்றும் மாறாது. ஆகவே “அம்மா வந்தான்”, “மாமா சிரித்தாள்” என்று சிறிதும் கூசாமல் எழுதுவார்கள். ஒருநாள் ஆண்பால், பெண்பால் விகுதிகளைக் கரும்பலகை நிறைய எழுதி விளக்கிவிட்டுப் பெருமிதத்தோடு திரும்பினேன். ஏழாம் வகுப்பு வசந்தி எழுந்து நின்றாள்.

“டீச்சர், ஆம்பிளையா பொம்பிளையான்னு சொல்லலேன்னா தமிழ்ல ஒருத்தர் வரவே முடியாதா?”

மேயெலி

நிர்மல் பாபு எங்கள் இசை ஆசிரியர். மெல்லிய குரல், வேட்டியின் கொசுவத்தை இரு விரலால் ஏந்தியபடி படியேறுவார். அந்த ஆண்டு பூஜைப் பந்தல்தோறும் ஒரு திரைப்பாட்டு முழங்கியது. ஒசிந்து நடக்கும் ஓர் ஆணைக் கண்டு ஊரே சிரிப்பதுதான் அதன் பொருள் முழுவதும். விடுமுறை முடிந்ததும் பெரிய வகுப்புப் பையன்கள், நிர்மல் பாபு உள்ளே நுழையும்போது அதையே பாடினார்கள், இடையிடையே “மேயெலி!” என்ற கூவல் வேறு. பெண்தன்மை உள்ள ஆணை வங்காளத்தில் ஏசும் சொல் அது.

பக்கத்து வகுப்பறையிலிருந்து நான் பிரம்போடு புறப்பட்டேன். அதற்குள் அவர் ஆர்மோனியத்தைத் திறந்து அதே மெட்டை வாசித்து, இரண்டாம் அடியில் நிறுத்தி, வங்காளத்தில் சொன்னார்:

“கேலி பண்ணுங்கப்பா, வேண்டாங்கலை. ஆனா இந்த இடத்துல சுருதி இறங்குது பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.”

வளையல்

தேர்தல் வந்தது. டாலிகஞ்ச் கடைத்தெருவில் ஒலிபெருக்கி கட்டிய லாரி ஒன்று எதிரணி வேட்பாளரை ஏசிப் பாடிக்கொண்டே ஊர்ந்தது: ஆண்மையற்றவனே, கையில் வளையல் பூட்டிக்கொண்டு வீட்டில் உட்கார். நானும் கணித ஆசிரியை ஷோபாதியும் நிர்மல் பாபுவும் பேருந்துக்காக நின்றிருந்தோம். லாரியிலிருந்தவர்கள் நிர்மல் பாபுவைக் கண்டதும், “இதோ, இவருக்கும் ஒரு ஜோடி!” என்று கத்தினார்கள். அவர் தரையைப் பார்த்தார். ஷோபாதி தம் சங்கு வளையல்களைக் குலுக்கி, கடைத்தெரு முழுதும் கேட்கக் குரல் கொடுத்தார் (வங்காளத்தில் ‘தாதா’ என்றால் அண்ணன்):

“ஓ தாதா! இந்த வளையல் போட்ட கைதான் ஓட்டும் போடும், ஞாபகம் இருக்கட்டும்!”

செயலாளர் அறை

லாரி போய்விட்டது, பேச்சு போகவில்லை. நிர்மல் பாபு பாலிகஞ்சில் ஓர் ஆணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஒரு பெற்றோர் புகார் கூறினார். பள்ளிச் செயலாளர் கிருஷ்ணசாமி கண்டிப்பானவர். புகார் மெய்யானால் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். செயலாளரின் வங்காளம் காய்கறிக் கடையோடு நின்றுவிடும். நிர்மல் பாபுவோ கலக்கம் வந்தால் ஆங்கிலத்தை அடியோடு மறப்பவர். எனவே மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள்.

“வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்பது கேள்வி. நிர்மல் பாபு ‘சே’ என்று தொடங்கி இரண்டு வாக்கியம் சொன்னார். நான் பெயர்த்தேன்: “வீட்டில் அவர் இருக்கிறார். அவர் சமைக்கிறார், நான் பாடுகிறேன்.”

“அவர்னா? ஆணா, பெண்ணா?”

அந்த ‘அவர்’ அடர்ந்த மீசைக்காரர், அஞ்சலக ஊழியர். அவர் கையால் தக்காளிச் சட்னி உண்டிருக்கிறேன். ஆனால் கேட்டது மொழிபெயர்ப்பு. “மூலத்தில் பால் குறிக்கப்படவில்லை, ஐயா. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது பிழை. அத்தகைய பிழையை நான் செய்வதில்லை,” என்றேன்.

செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு நிர்மல் பாபுவைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்காத்துக்காரியும் வாய்க்கு வாய் ‘அவர்’ன்னுதான் சொல்லுவா, டீச்சர். அவர்னா யாருன்னு இன்னிவரைக்கும் ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லே. போங்கோ, பாட்டு கிளாஸுக்கு நாழியாறது.”

தேங்காய் உருண்டை

வெளியே வந்ததும் நிர்மல் பாபு, “என் ‘சே’யைத் தமிழில் என்னவென்று சொன்னீர்கள், திதிமணி?” என்று கேட்டார். திதிமணி என்றால் வங்காளத்தில் ஆசிரியை. சொன்னேன். அந்தச் சொல்லை இரண்டு முறை தமக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். மூன்றாம் முறை அதற்கு ஒரு மெட்டே வந்துவிட்டது.

மறுநாள் ஆசிரியர் அறையில், எல்லோர் முன்னிலையிலும், என் மேசைமேல் ஒரு தூக்குப் பாத்திரம் வந்து அமர்ந்தது. உள்ளே வெல்லம் சேர்த்த தேங்காய் உருண்டைகள். வாழ்நாளில் முதன்முறையாக நிர்மல் பாபு தமிழில் ஒரு வாக்கியம் பேசினார். எழுவாயும் பயனிலையும் இம்மியும் பிசகாமல் பேசினார்:

“அவர் செய்தார்.”

விகுதி பிசகிய விடைகளுக்கெல்லாம் ஓய்வு பெறும்வரை மதிப்பெண் குறைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் “அம்மா வந்தார்” என்று எழுதித் தப்பித்துக்கொண்ட சோம்பேறிகளுக்கு மட்டும், ஏனென்று சொல்லாமலேயே, முழு மதிப்பெண் போட்டுவந்தேன்.