புல்மேட்டு மாமன்னர்

இன்று காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் உள்ள புல்மேட்டில் முப்பதாயிரம் கமராக்கள். சரி, மூன்று. நோர்வூட் ஊருக்கே கண் கூசியது.

எல்லாம் ஒரு வண்டுக்காக!

கறுப்புக் கோட்டில் வெள்ளைப் பொட்டு வைத்த மாமன்னர். புழு பூச்சிகளை வேட்டையாடித்தான் தின்பாராம்.

கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் விளக்கினார்: "இதுக்குப் பறக்க ஏலாது. இந்த மேட்ட வெட்டினா வேற எங்கயும் போக வழியில்ல. ஒருத்தரும் கை வைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுக்கப் போறோம்."

வீடு கட்ட அதே மேட்டைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர் என் மதினி.

"நாங்க மட்டும் பறப்போமா சேர்?"

சேர் வண்டைப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

அவர் போனதும் மதினி வண்டைச் சிரட்டையில் அள்ளிவந்து, தன் லயத்துக் காம்பரா வீட்டுக்குள் விட்டார்.

"இது இருக்கிற எடத்தத்தானே பாதுகாப்பாங்க, கொழுந்தனாரே? இங்கயே இருக்கட்டும்."

மாமன்னர் வெடித்த சுவரைப் பார்த்தார். ஒழுகும் கூரையைப் பார்த்தார். விடுவிடுவென்று வாசலைத் தாண்டிப் போயே விட்டார்.

ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்கிறோம்.

அறிவு யாருக்கு அதிகம்? கீழே கமெண்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.