சிலோன் கொளஞ்சியும் மெல்போர்ன் வானொலியும்

கொளஞ்சிநாதனுக்கு இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, விருத்தாசலம் செராமிக் பேட்டையின் பொம்மை யூனிட்டில், கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிக்கொண்டே பேசுவது. அதைக் கேட்டுச் சிரித்து, பொம்மைக்குக் கண் எழுதுகிற பெண்கள் கை ஆடிப்போய் மேஸ்திரியிடம் திட்டு வாங்குவார்கள். இன்னொன்று, கையில் மைக்கைக் கொடுத்ததும் வருவது. “அன்புக்கினிய ரசிகப் பெருமக்களே” என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கடைசிச் சொல்லை மெல்ல இறக்கி வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கொழும்பிலிருந்து யாரோ பேசுகிற மாதிரியே இருக்கும்.

அவர் வயதுக்காரர்கள் எல்லாம் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். டீக்கடையிலும் சலூனிலும் அதுதான் ஓடும். மைக் பிடித்தால் அப்படித்தான் பேச வேண்டும் என்று எங்கள் பக்கத்து அறிவிப்பாளர்களுக்குள் யாரோ சட்டம் போட்ட மாதிரி ஒரு வழக்கம் இருந்தது. அதில் கொளஞ்சி அண்ணனை அடிக்க ஆள் இல்லை. மணிமுத்தாறு மெல்லிசைக் குழுவின் நோட்டீஸில் பாடுகிறவர்கள் பெயரைவிடப் பெரிதாக ‘சிலோன் கொளஞ்சி’ என்று போடுவார்கள். சிலோன் இருக்கட்டும், அவர் இராமேஸ்வரம்கூடப் போனதில்லை.

நான் செல்வநாயகி. பாலக்கரைப் பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பிறகு நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டரும் ஆக்கினேன். அண்ணன் குடும்பம் பின்தெருவில் இருந்தது. அவருக்கு வருகிற போன் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். அதனால் அந்த மெல்போர்ன் சமாச்சாரம் முழுக்க என் கண் முன்னால்தான் நடந்தது. நினைத்தால் இப்போதும் கோபம்தான் முதலில் வருகிறது, வருத்தம் அதற்குப் பிறகுதான்.

மெல்போர்னுக்கு வழி திறந்தவன் தமிழ்மணி. மணிமுத்தாறு குழுவில் கீபோர்டு வாசித்தவன். அவன் பெண்டாட்டி நர்ஸ். அவளுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்ததும் இவனும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான். அங்கே போய்ப் பெரிய இசையமைப்பாளராக ஆகிவிடுவான் என்று ஊரே பேசியது. அவனோ வாரம் முழுக்க ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, சனிக்கிழமை கல்யாண மண்டபங்களில் வாசித்தான். “இங்க பாட்ட மட்டும் நம்புனா வாடகை கூடக் குடுக்க முடியாதுண்ணே. பாடுறவரு டாக்ஸி ஓட்டுறாரு, டிரம்ஸ் அடிக்கிறவரு பேங்க்குல இருக்குறாரு. ரேடியோவுல பேசுறவங்களுக்குச் சம்பளமே கெடையாது, ஆசைக்குப் பேசுறாங்க” என்பான்.

அந்த ரேடியோ, தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு மாலையில் நடத்தியது. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று ஊரை விட்டுப் போனவர்கள். நடத்தியவர் இராசமலர் என்று ஒரு அம்மா. 2006இல் அவர்கள் ஆண்டு விழாவுக்கு மெல்போர்ன், சிட்னி, பிரிஸ்பேன் மூன்று ஊரிலும் இசை நிகழ்ச்சி வைக்க ஏற்பாடு செய்தார்கள். தொகுத்து வழங்க நம் ஊரிலிருந்து கொளஞ்சி அண்ணனைக் கூப்பிடலாம் என்று தமிழ்மணி சொன்னான். கமிட்டிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகள் அவர் போனிலேயே வானொலியில் பேசட்டும், நேயர்களுக்குப் பிடித்தால் டிக்கெட் போட்டுக் கூப்பிடலாம்.

“என்ன பேசணுமாம்?” என்று அண்ணனைக் கேட்டேன்.

“நம்ம ஊரப் பத்திப் பேசி ரெண்டு பாட்டு போடச் சொன்னாங்களாம். அந்தம்மா பேரே என்னா அழவு பாரு, இராசமலரு!” என்றார்.

கூப்பிடுவதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அது போதாதா? மறுவாரமே பாலக்கரையில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘ஆஸ்திரேலிய மண்ணில் ஒலிக்கப்போகும் எங்கள் சிலோன் கொளஞ்சியே’ என்று போட்டு, பின்னால் ஒரு விமானம், பக்கத்தில் கங்காரு, கீழே குழுவினர் முகங்கள் வரிசையாக. அண்ணன் கோட்டுத் தைக்கக் கொடுத்தார். விருத்தாம்பாள் அண்ணி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அங்கே இப்போது குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பொம்மைக்குக் களிமண் ஊற்றியே ஆயுசு போய்விடும் என்று நினைத்திருந்த மனிதருக்கு, ஐம்பதை நெருங்கும்போது கதவு திறந்தால் தலை கால் புரியுமா? புரியவில்லை.

முதல் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் வந்தார். அங்கே அப்போது சாயங்காலம். கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தார். அந்த வானொலி இன்டர்நெட்டிலும் வரும் என்று தமிழ்மணி சொல்லியிருந்தான். நான் வெளியே கம்ப்யூட்டரில் அதைத் திறந்து வைத்தேன். அவர் உள்ளே பேசியது கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் ஸ்பீக்கரில் வரும். உள்ளே ஒரு வாய் அசையும், வெளியே வேறொரு வாக்கியம் கேட்கும்.

என்ன பேசினார்? “தென்றல் தவழும் திருமுதுகுன்றத்திலிருந்து, உங்கள் இதயங்களை இசையால் வருடிட...” இப்படியே போனது. விருத்தாசலத்துக்குப் புராணப் பேர்தான் வந்தது. ஊரில் சூளை இருக்கிறதா, ஜங்ஷன் இருக்கிறதா, மனுசர் இருக்கிறார்களா, ஒன்றும் இல்லை. வெறும் தென்றல்தான். முடித்ததும் இராசமலர் அம்மா “நன்றி” என்று ஒரே சொல்லில் நிறுத்திப் பாட்டைப் போட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

“அண்ணே, அவங்க நம்ம ஊரப் பத்தித்தான கேட்டாங்க? யூனிட்டுல பேசுற மாதிரி சும்மா பேசுங்களேன்.”

“மைக்குல போயி வூடு, வாசலு, இருக்குதுன்னு பேசச் சொல்றியா? சிரிப்பாங்க. இத்தினி வருசமா அந்தப் பேச்சத் தெரியாதவங்க கிட்ட பேசினேன் தங்கச்சி. இப்பதான் அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரங்க கேக்குறாங்க. அவங்ககிட்ட பேசாம வேற யாருகிட்ட பேசுறது?”

அவர் சொன்னதில் ஒரு பக்தி இருந்தது. ஆனால் பக்தி முற்றினால் என்ன ஆகும் என்று அடுத்த ஞாயிறு பார்த்தேன். அந்த வாரம் முழுக்கப் பழைய கேசட்டுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார். யார் யாரிடமோ விசாரித்துச் சில வார்த்தைகளும் சேர்த்துக்கொண்டார். வானொலிக்காரர்களின் சுத்தத் தமிழ் போதாது என்று, அங்குள்ளவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சையும் எடுத்துக்கொண்டார். “எங்கட விருத்தாசலம்” என்றார். “உங்களோட கதைக்கிறதில பெரிய சந்தோசம்” என்றார். ஆமாம் என்பதற்கு ஓம் என்றார். உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்பீக்கரில் இன்னும் அவர் சந்தோசமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் அந்த இடம் வந்தது. யாரோ ஒரு நேயர், வயதானவர், தொடர்பில் வந்தார்.

“தம்பி, நீங்கள் எவடம்?”

“விருத்தாசலம் ஐயா.”

“அங்கயே பிறந்தனீங்கள்?”

“ஓம் ஐயா.”

“அப்ப ஏன் தம்பி எங்களை மாதிரிக் கதைக்கிறியள்? பகிடி விடுறியளோ?”

இராசமலர் அம்மா அவசரமாகப் பாட்டைப் போட்டார். அண்ணன் வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் பகிடியா விட்டேன்? கேலியா பண்ணேன்?” என்று என்னைக் கேட்டார். இல்லை அண்ணே என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மறுநாள் அந்த அம்மாவே போன் போட்டார். அண்ணன் வேலையில் இருந்தார், நான்தான் பேசினேன். நல்ல மனுசி. கோபமே இல்லை. “தங்கச்சி, அண்ணையிட்டச் சொல்லுங்கோ. அந்த ஐயாவின்ர ஊரில திரும்பவும் சண்டை தொடங்கீட்டுது. வீடும் இல்லை, காணியும் இல்லை, அந்தப் பேச்சு ஒண்டுதான் அவரிட்ட மிச்சம். அதை ஒருத்தர் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தா நோகும்தானே? அண்ணை உங்கட ஊர்ப் பேச்சில கதைக்கட்டும். அதைக் கேட்கத்தான் நான் கூப்பிட்டனான். இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்பம். அதுக்குப் பிறகு கமிட்டி முடிவெடுத்திடும்.”

அண்ணன் வந்ததும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்த வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தாராம். அண்ணி சொல்லிச் சிரித்தாள். கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு எங்க ஊர்ல” என்று ஆரம்பிப்பாராம், நாலாவது சொல்லில் கொழும்புக்குப் போய்விடுவாராம். கரண்டியைக் கீழே வைத்தால் சரியாகப் பேசுவாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஞாயிறு. ரிசீவரை எடுத்தார். “வணக்கம் கொளஞ்சி அண்ணை, இண்டைக்கு உங்கட ஊரில என்ன விசேஷம்?” என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. இவர் “வணக்கம்ங்க” என்றார். அதோடு நின்றுவிட்டது. நான் கண்ணாடிக் கதவைத் திறந்து, பேசுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“வரமாட்டேங்குது தங்கச்சி. யூனிட்டுல ஒரு வாளி மண்ணக் குடுத்து ஊத்தச் சொல்லு, நாள் முச்சூடும் பேசுறேன். எங்க மேஸ்திரி சூளையத் தொறந்து பாத்துட்டு, புள்ளையாருக்குத் தும்பிக்க எங்கடான்னு கத்துனத சொல்லட்டுமா? அதுக்குக் கண்ணு எழுதுற அன்புக்கரசி, அவரு பல்லு வெளக்கப் போயிருக்காரு, வந்து மாட்டிக்குவாருன்னாளே, அதச் சொல்லட்டுமா? எல்லாம் நெஞ்சுல இருக்குது. இந்தக் கொழாயக் கையில எடுத்தா, வேட்டி இல்லாம தெருவுல வந்து நிக்கிற மாதிரி இருக்குது.”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “கையை எடுங்கண்ணே! இதைத்தான் அவங்க கேக்குறாங்க, கையை எடுங்க!” என்றேன். அவர் எடுக்கவில்லை. வெளியே ஸ்பீக்கரில் அந்த அம்மா, “அண்ணை, கேட்குதோ? அண்ணை...” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பாட்டு வந்தது.

கமிட்டி, மெல்போர்னிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை மேடையேற்றியது. பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ், தப்பும் தவறுமாகப் பேசினாளாம். கூட்டம் அவளைக் கொண்டாடியது என்று தமிழ்மணி சொன்னான். தன் பேச்சைப் பேசினாள், அவ்வளவுதானே. பிளெக்ஸை யாரும் கழற்றவில்லை. அடுத்த கல்யாணத்துக்காரன் வந்து அதன் மேலேயே தன்னுடையதைக் கட்டினான். மாசி மகத்துக்கு வழக்கம்போலக் குழு மேடை ஏறியது. மைக்கைக் கையில் வாங்கிய அண்ணன் “அன்புக்கினிய” என்றதோடு நிறுத்திவிட்டு, தபேலாக்காரரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். ‘பகிடி விடுறியளோ’ என்ற அந்தப் பெரியவரின் குரல் காதில் கேட்கிறதாம். கேசட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டார். பொம்மை யூனிட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது என்று அன்புக்கரசி வந்து சொன்னாள். இருந்த இரண்டு பேச்சும் போய்விட்டது. ஒன்றையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா? யாரைக் கேட்பது?

2009 மே மாதம், இலங்கையில் சண்டை முடிந்ததாகச் செய்தி வந்த வாரம், ஞாயிறு மத்தியானம் கடைக்கு வந்தார். “அந்த ரேடியோவக் கொஞ்சம் போடு” என்றார். போட்டேன். பாட்டே இல்லை. இராசமலர் அம்மா ஆட்களின் பெயரையும் ஊரையும் வாசித்து, இவர்களைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதே தமிழ். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும், “அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் குடு” என்றார்.

நம்பரைப் போட்டு அவரிடம் கொடுத்தேன். மணி அடித்து அந்த அம்மா எடுத்தார். “ஆர் கதைக்கிறது?”

“அம்மா, நாங்க தமிழ்நாட்டுலேருந்து பேசுறோம். ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தோம். உங்க வூட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களாம்மா?”

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மா அழுவது எனக்கே கேட்டது. அம்மாவையும் தம்பி குடும்பத்தையும் பற்றி ஒரு தகவலும் இல்லையாம். அண்ணன் அழ விட்டார். பிறகு மெதுவாகப் பேசினார். “அழுவாதீங்கம்மா. கூட யாராச்சும் இருக்காங்களா? ஒரு வாய் சோறு துன்னீங்களா? நாங்க இங்க தெனம் பேப்பர் பாக்குறோம், எதுனா பேரு வந்துச்சுன்னா சொல்றோம்” என்று, பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போனார். ரிசீவர் கையில் இருந்தது. பேச்சு நிற்கவே இல்லை.

கடைசியில் அந்த அம்மா கேட்டார். “நீங்கள் கதைச்சது பெரிய ஆறுதல் ஐயா. ஆரெண்டு சொல்லேல்லயே?”

“விருத்தாசலத்துல பொம்ம செய்யுறவன்மா.”

“இன்னொரு நாளைக்கு எடுங்கோ ஐயா. ரேடியோவில எங்கட சனத்தோட இப்பிடிக் கதையுங்கோ.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், “பேரச் சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதாண்ணே? அந்தம்மாவே கூப்புடுறாங்க!” என்று கத்தினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேரச் சொல்லியிருந்தா மறுபடியும் வேசம் கட்டிக்கிட்டு வந்துட்டான்னு நெனச்சிருப்பாங்க தங்கச்சி” என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு அவர் போன் போடவே இல்லை.