ஒன்பது வீட்டுக்கு ஒரு நம்பர்

தாராவியில் எங்கள் வரிசையில் ஒன்பது வீடு. ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து, விண்ணப்பங்களில் போட ஒரே போன் நம்பர். அது என்னுடையது.

மற்றவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. ஆனால் ரீசார்ஜ் முடிந்ததும் நம்பர் செத்துப்போகும். சயான் ஸ்டேஷன் வாசலில் குடை விரித்து சிம் விற்பவரிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வார்கள். நான் ஆபீஸ் போகிறவள், பதினைந்து வருஷமாக ஒரே நம்பர். அதனால் ஆதார், கேஸ், பேங்க் என்று எந்தத் தாளை நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு என் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில் ஒரு கையால் பிடியில் தொங்கிக்கொண்டு, வாசலில் சிலிண்டரோடு நிற்கும் கேஸ்காரனுக்கு நான்காம் வீட்டின் ஓடிபியைப் போனில் கத்திச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் என்னைக் கேட்காமல் எங்கள் வரிசையில் ஒரு சிலிண்டர்கூட இறங்காது என்பதில் உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. அதை மறைப்பானேன்?

எனக்கு டிப்ஸ் பைத்தியமும் உண்டு. போனைக் காப்பாற்றப் பத்து வழி, பேட்டரிக்கு ஏழு வழி என்று எது வந்தாலும் உடனே செய்து பார்த்துவிடுவேன். அப்படித்தான் போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, காலையில் தண்ணீர் பிடிக்கும்போது நைட்டிப் பையிலிருந்த போன் டிரம்முக்குள் விழுந்ததும், ஓடிப்போய் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். மத்தியானம் வெளியே எடுத்தேன். திரை கறுப்பு. சார்ஜ் போடும் ஓட்டைக்குள் ஒரு குருணை வேறு சிக்கியிருந்தது. ஈரத்தை அரிசி உறிஞ்சியதோ என்னவோ, என் பொறுமையை நன்றாக உறிஞ்சியது.

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா மகளோடு வந்து நின்றாள். அக்கா பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். மகளுக்கு நர்சிங் படிப்பில், அரசாங்கக் கல்லூரியில், இரண்டாவது லிஸ்டில் இடம் வந்திருந்தது. ஐந்து மணிக்குள் இணையத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சம்மதம் சொல்ல ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி என் நம்பருக்குத்தான் வரும்.

அரிசி ஒட்டிய போனை எடுத்துக் காட்டினேன். மகள்தான் முதலில் சுதாரித்தாள். அவள் போனில் இரண்டு சிம் போடலாம். என் சிம்மை எடுத்து அதில் போட்டால் தீர்ந்தது என்றாள். சிம்மை வெளியே தள்ளும் குச்சி யார் வீட்டில் இருக்கிறது? அக்கா தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். தட்டு பட்டென்று வெளியே வந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான்.

மகளின் போன், சிம்மின் பூட்டைத் திறக்க நாலு இலக்க 'பின்' நம்பர் கேட்டது.

அதுவும் என் கைவரிசைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், போன் தொலைந்தாலும் சிம்மை எவனும் பயன்படுத்த முடியாமல் பூட்டி வைப்பது எப்படி என்று ஒரு டிப்ஸ் வந்தது. பூட்டினேன். அதன்பிறகு போனை நான் அணைத்ததே இல்லை; கேஸ்காரன் எப்போது வருவான் என்று யார் கண்டது? அதனால் அந்த நாலு இலக்கத்தைத் திரும்பப் போடும் வேலையே வரவில்லை.

ஆனாலும் எனக்கு பயமில்லை. மறக்கவே முடியாத எண்ணாகத்தான் வைத்திருந்தேன்: என் லோக்கலின் நேரம். பம்பாயில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிறந்தநாள் மறக்கும், ரயில் நேரம் மறக்காது. ஒன்பது பதினாறு. பூஜ்யம், ஒன்பது, ஒன்று, ஆறு என்று அழுத்தினேன். தவறு என்றது. பதற்றத்தில் விரல் வழுக்கியிருக்கும் என்று அதையே மறுபடி அழுத்தினேன். என்னைப் போல ஒரு மட்டி உண்டா?

மகள் போனை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "சித்தி, அபி ஏக் சான்ஸ்தான் இருக்கு," என்றாள்.

மூன்றாவதும் தவறினால் சிம் அடியோடு பூட்டிக்கொள்ளும். பிறகு ஆதாரைத் தூக்கிக்கொண்டு நான் கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். சிம் மறுபடி உயிர் பெறத் திங்கட்கிழமை ஆகிவிடும். கடிகாரம் மூன்றே முக்காலைக் காட்டியது. ஒரு பெண்ணின் படிப்பு என் கெட்டிக்காரத்தனத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. வெட்கத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவள். என்ன எண் வைத்தாய் என்று கேட்டாள். ரயில் நேரம் என்றேன். எந்த ரயில் என்றாள். தினமும் போகிற ரயில்தான், ஒன்பது பதினாறு என்றேன்.

"அது இப்ப உள்ள டைம்லாட்டி," என்றாள். "போன வருஷம்தான டைம மாத்துனான்? அதுக்கு முன்னாடி ஒம்பது பன்னெண்டு போயிரும், ஒம்பது பன்னெண்டு போயிரும்னு இட்லிய வாயில வச்சிக்கிட்டே ஓடுவ. ஒன் சத்தத்தக் கேட்டுத்தான் நான் குக்கர வைப்பேன்."

உண்மைதான். கால அட்டவணை மாறியபோது என் கால்கள் நாலு நிமிஷம் தள்ளி ஓடப் பழகிக்கொண்டன. பழைய நேரத்தை மூளை துடைத்துப் போட்டுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

மகளையே அழுத்தச் சொன்னேன். பூஜ்யம், ஒன்பது, ஒன்று, இரண்டு. திரையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. நாலே காலுக்கு ஓடிபி வந்தது. ஆறு இலக்கத்தையும் வழக்கம்போல நான்தான் சத்தமாகப் படித்தேன். சம்மதம் ஏற்கப்பட்டது என்று வந்ததும் அக்கா அந்த ஊக்கைத் திரும்ப சங்கிலியில் மாட்டிக்கொண்டு, குக்கர் வைக்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

அடுத்த மாதம் அக்காவுக்கென்று ஒரு சிம் வாங்கி, ஆதாரிலும் பேங்கிலும் நம்பரை மாற்றினோம். இனி மற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். பெருமை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அந்தப் புது சிம்மின் பின் நம்பரை அக்காவே யோசித்து வைத்தாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தேன். சரி சரி என்று தலையாட்டினாள்.

மகள் இப்போது கல்லூரிக்கு லோக்கலில் போகிறாள். தினமும் காலையில், அந்த ரயில் போய்விடும் என்று அக்கா நேரத்தைச் சொல்லி மகளை விரட்டும் சத்தம் ஒன்பது வீட்டுக்கும் கேட்கிறது. நான் அதைக் கேட்டுத்தான் அடுப்பில் பாலை வைக்கிறேன். அந்த நேரத்தை மட்டும் இங்கே எழுத மாட்டேன். அதுதான் அக்காவின் பின் நம்பர்.