பன்னிரண்டாம் மாதத்துப் பேடா

"மேடம், நீங்க பேக்கிங் செக்‌ஷனுக்குப் போயிடுங்களேன்" என்றார் என் மேனேஜர். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில், ஊசி மருந்தைக் குப்பியில் நிரப்பும் அறைக்கு நான் சூப்பர்வைசர். தூசு ஆகாத அறை. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, கையுறை. உள்ளே போனால் நாலு மணி நேரம் வெளியே வர முடியாது. அந்த அறைக்கு சூப்பர்வைசரான முதல் பொம்பளை நான்தான். பெருமைதான், ஏன் மறைக்கணும்?

தொண்ணூறுகளின் கடைசியில், நாற்பத்தேழு வயதில், உடம்பு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். மற்றவர்கள் ஏசியில் நடுங்க, எனக்கு மட்டும் உடுப்புக்குள் வேர்வை ஊற்றும். கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருக்கும் குப்பி தெரியாது. மாதவிடாய் வந்தால் பத்து நாள் கொட்டித் தீர்க்கும், இல்லாவிட்டால் மூணு மாசம் எட்டிப் பார்க்காது. ஒரு நாள் தலை சுற்றி, அவசரக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். வெளிக்காற்று உள்ளே புகுந்து, அன்று நிரப்பின பேட்ச் முழுக்க வீண். அதற்குப் பிறகுதான் இந்த பேக்கிங் பேச்சு. ஒரு மாசம் டைம் கேட்டு வாங்கினேன்.

"ஒத்துக்கோயேன், உட்கார்ந்து பாக்கற வேலைதானே" என்றார் வீட்டுக்காரர். "நீங்க வேணா போய் உட்காருங்க" என்றேன். அன்று சாம்பாரில் உப்பில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. மறதியும் சேர்ந்திருந்த காலம் அது.

விமான் நகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "ரத்தம் இவ்வளவு குறைஞ்சு எப்படிம்மா நடமாடறீங்க?" என்று திட்டினார். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. உதிரப்போக்கைக் குறைக்க மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து, சூடு எப்போதெல்லாம் வருகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். பேட்ச் ரிக்கார்டு எழுதிப் பழகின கைக்கு இது ஒரு வேலையா? மூணு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. கம்பெனி கேட்டுக்கு வெளியே மிசல் என்கிற காரமான பயறுக் குழம்பும் டீயும் சாப்பிட்டுப் போன நாட்களில் பாடு அதிகம். உடுப்புக்குள் ரெண்டு மணி நேரம் தாண்டினால் தப்பவே முடியாது.

நோட்டோடு மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "எனக்கு வியாதி இல்லை சார். மாதவிடாய் நிக்கப்போற வயசு. மிசலையும் டீயையும் நான் விட்டுடறேன், நாலு மணி நேரத்தை நீங்க ரெண்டா பிரிச்சுக் குடுங்க" என்று ஹிந்தியில் பளிச்சென்று சொன்னேன். பாவம், மனுஷன் மேஜைக் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பிரித்துக் கொடுத்தார். என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டது எங்கள் அறை ஆம்பிளைகள்தான். இத்தனை வருஷம் அவர்களும் நாலு மணி நேரம் உள்ளே அடைபட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்!

சூடு ஒரேயடியாகப் போய்விடவில்லை. வந்தால் அசையாமல் நின்று மூச்சை மெல்ல இழுத்து விடுவேன், அடங்கிவிடும். அதற்கப்புறம் என்னால் ஒரு பேட்ச்கூட வீணாகவில்லை.

தொடர்ந்து பன்னிரண்டு மாசம் மாதவிடாய் வராவிட்டால் முடிந்தது என்று கணக்காம். ஒரு தடவை பத்தாவது மாசத்தில் வந்து தொலைத்தது. சனியன், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

பன்னிரண்டு முடிந்த அன்று ஒரு கிலோ பால் பேடா வாங்கினேன். புனேயில் நல்ல சேதி என்றால் பேடா கொடுக்காமல் விடமாட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணமா, பிரமோஷனா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னேன். சிலர் நெளிந்தார்கள். பேடாவை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

கடைசியாக மேனேஜரிடம் நீட்டினேன். காரணத்தைக் கேட்டதும் இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை, சிரித்துவிட்டார்.

"பேக்கிங் செக்‌ஷனுக்குப் போகலையா?" என்றார்.

"மொதல்ல அங்கதான் போனேன் சார்" என்றேன். "பேடா குடுக்க மட்டும்."