ஒரு சுறாவுக்கு இரண்டு பெயர்

சென்ற மாதம் ஒரு காலை. நஜீம் நானா என் வீட்டு வாசலில் நின்று ஒரு தாளை நீட்டினார். மன்னார்ச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்.

“வாசிச்சுப் பாருங்கோ சேர். என்னைக் கள்ளன் எண்டு எழுதியிருக்கினம்.”

அப்படி எழுதியிருக்கவில்லை. கொழும்புக்கு அவர் அனுப்பிய சுறாக் கருவாட்டை, வாங்குகிறவர் தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்து டி.என்.ஏ. பார்த்திருக்கிறார். பிடிக்கத் தடைசெய்யப்பட்ட சுறாவோடு பொருந்துகிறதாம். சரக்கு திரும்பிவிட்டது. அடுத்தது வழக்குத்தான் என்று சந்தையில் பேச்சு.

“அந்தச் சுறா எங்கட கடைக்குள்ள வாறதே இல்லை, சேர்.”

தலையாட்டினேன். ஆனால் மனம் கேட்கவில்லை... டி.என்.ஏ. பொய் சொல்லுமா? போன வருடம் ஒருநாள் விடியமுன் இவருடைய கடைப் பின்கதவில் மூட்டை இறங்கியதைக் கண்டேனே, அது ஏன்? இத்தனை வருடம் தோன்றாத கேள்வி, ஒரு தாளைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது?

என் தங்கையின் மகள் ஜெசிந்தா பல்கலைக்கழகத்தில் இப்படியான மரபணுத் தொடர்களைத் தேடிப் பொருத்தும் புரோகிராம்கள் எழுதுகிறாள். போன் எடுத்தேன்.

“ரிப்போர்ட் வேண்டாம் மாமா. மெஷின் குடுத்த ஃபைலை வாங்கி அனுப்புங்கோ.”

நானா அலைந்து திரிந்து வாங்கினார். இரண்டு நாளில் அவள் பேசினாள்.

“உப்பும் வெயிலும் பட்ட கருவாடு. டி.என்.ஏ. சிதைஞ்சு போச்சு. டி.என்.ஏ. எண்டது நாலு எழுத்தால ஆன வரிசை; சில இடத்தில மெஷினுக்கே எந்த எழுத்தெண்டு வடிவாத் தெரியேல்லை. ‘ஏ’யா இருக்க நூற்றுக்கு அறுபது வீதம், ‘ஜி’யா இருக்க நாப்பது வீதம் எண்டு குடுத்திருக்கு. அந்தக் கூடத்துக்காரர் வீதம் கூடின எழுத்தை மட்டும் எடுத்து, மிச்சத்தை எறிஞ்சுபோட்டு ஒப்பிட்டிருக்கினம்.”

“நீ என்ன செய்தனீ?”

“நான் எறியேல்லை. எல்லா வீதத்தையும் வைச்சுக்கொண்டு தேடினன். தடை செய்த சுறாவுக்கும் பொருந்துது, தடையில்லாத இன்னொண்டுக்கும் கிட்டத்தட்ட அதேயளவு பொருந்துது.”

“அப்ப நானா சொல்றது உண்மையோ?”

“தெரியாது மாமா. தெரியாது எண்டதுதான் சரியான விடை.”

எனக்கு ஏமாற்றம். இப்போது அவளுடைய புரோகிராம்மீதும் சந்தேகம் - அதை எழுதியதும் மனுசர்தானே?

அவள் சொன்னபடி அதே மூட்டையிலிருந்து வேறு துண்டுகள் எடுத்து வேறொரு கூடத்துக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை நானா சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. இம்முறை எழுத்துகள் தெளிவாக இருந்தன. தடையில்லாத சுறா.

சந்தைக்குப் போய்க் கைகொடுத்தேன். நானா கையை விடவில்லை.

“ஒண்டு கேக்கிறன் சேர். நீங்களும் என்னில சந்தேகப்பட்டனீங்களோ?”

“சீச்சீ, என்ன கதை நானா.”

அவர் என் கையை விட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பினார்.

மெஷின் தன் சந்தேகத்தை எழுத்துக்கு எழுத்து வீதம் போட்டு ஒப்புக்கொண்டது... எனக்கு அந்த யோக்கியதை இல்லை.