எங்கள் வீட்டுச் சைவப் பூனை

இரண்டு வருஷம் முன்பு, கார்த்திகை மாதக் கடைசி. கொல்கத்தாவில் குளிர் மெல்ல எட்டிப் பார்க்கிற நேரம். பவானிபூரில் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். 'செய்துகொண்டிருந்தேன்' என்று சொல்வதுதான் சரி. என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மத்திய அரசு ஆபீசில் ஃபைல் ஃபைலாகத் தூக்கின மனுஷன், அப்போது ஒரு தலையணையைத் தூக்கினால்கூட நான் கத்துவேன்.

எங்களுடையது மூன்றாவது மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. இனி மாடிப்படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கிற மகள் அங்கிருந்தபடியே நியூ டவுனில் ஒரு ஃபிளாட்டைப் பிடித்துவிட்டாள். ஏழாவது மாடி, லிஃப்ட் உண்டு, வாசலில் செக்யூரிட்டி உண்டு. "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, பேக்கர்ஸ் வந்து எல்லாம் பார்த்துப்பாங்க" என்றாள். அவர்கள் வருவதற்கு முன்னால் எது வேண்டும், எது வேண்டாம் என்று யார் பிரிப்பது? அவளா வந்து பிரிக்கப்போகிறாள்? பரணிலிருந்து இறக்கின தூசியில் மூன்று வாரம் தும்மிக்கொண்டே இருந்தேன். படுத்தால் இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கழன்று கிடக்கிற மாதிரி இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் பூனையை என்ன செய்வது என்ற கவலையும் வந்து சேர்ந்தது.

வளர்த்த பூனை என்று சொல்ல முடியாது. அதற்கும் ஐந்து வருஷம் முன்பு பின்பக்க வராந்தாக் கம்பி வழியாக அதுவாக வந்தது. சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு. தினமும் பதினொரு மணிக்கு வரும், வைக்கிற தயிர்சாதத்தைச் சாப்பிடும், இவர் நாற்காலிக்கு அடியில் ஒரு தூக்கம் போடும், எழுந்து போய்விடும். பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் பொறுப்பு வந்துவிடுமே என்று ஒரு பயம்.

நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. மீன் இல்லாமல் பொழுது விடியாத இந்த ஊரில், எங்களைத் தேடி வருகிற பூனை தயிர்சாதம் சாப்பிடுகிறது என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. திருநெல்வேலியில் இருக்கிற அக்காவிடம் போனில், "எங்க பூனை சைவம்க்கா" என்று அளந்துவிடுவேன். அதிலும் சுத்தமான பூனை வேறு. வரும்போதே முகம் ஈரமாக இருக்கும். "முகம் கழுவிட்டுத்தான் நம்ம வீட்டுக்குள்ள வர்றா, பாருங்க" என்று இவரிடம் காட்டுவேன்.

இதே பெருமையைக் கீழ்வீட்டிலும் கொட்டுவேன். தரைத்தளத்தில் ஒரு வங்காளி அம்மா. என் வயதுதான். நான் அவரை பௌதி என்பேன், அண்ணி என்று அர்த்தம். அவர் என்னை தீதி என்பார், அதாவது அக்கா. கணவர் தவறி நாலு வருஷம், ஒரே பையன் வெளிநாட்டில். நான் பூனை புராணம் பாடும்போதெல்லாம் "அப்படியா தீதி!" என்று சிரித்துக்கொள்வார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

பூனையைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? மகளைக் கேட்டால், "ஏழாவது மாடிம்மா. பால்கனியிலேருந்து விழுந்து தொலைச்சா நீதான் உட்கார்ந்து அழுவ" என்றாள். இவரைக் கேட்டால், "நாம போறதுக்கே நமக்கு மனசில்ல. அதை வேற எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எனக்கு ஒரே ஒரு கேள்வி. என்னை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்கு வீடு மீன் பொரிகிற தெருவில், ஒரு சைவப் பூனைக்கு யார் தயிர்சாதம் பிசைந்து வைப்பார்கள்? பட்டினி கிடந்தே செத்துப்போகும் என்று தோன்றும்.

ஒரு நாள் கூட்டிப்போகலாம் என்று மூடி போட்ட பிரம்புக்கூடை ஒன்று வாங்கி வந்தேன். மறுநாள் மனசு மாறி, பழக்கம் விடட்டும் என்று சாதம் வைப்பதை நிறுத்தினேன். மூன்று நாள். அது வழக்கம்போல வந்தது, காலித் தட்டை முகர்ந்தது, என் முகத்தைப் பார்த்தது, நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு சத்தம் இல்லை. மெலியவும் இல்லை. என்ன வைராக்கியம் என்று நானே மெய்சிலிர்த்துப் போனேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாலாம் நாள் மனசு கேட்காமல், பால் விட்டுக் குழையப் பிசைந்து இரண்டு மடங்கு சாதம் வைத்தேன். கூட்டிப்போவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

அன்றே கீழே இறங்கி பௌதியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அப்புறம், "நல்லது தீதி, கூட்டிட்டுப் போங்க" என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தார். நாங்கள் போகிறோமே என்று வருத்தம் போல என்று நினைத்தேன். எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பும் இல்லை.

கிளம்புகிற நாள் வந்தது. காலையில் லாரி சாமானோடு போய்விட்டது. பதினொரு மணிக்கு வந்த பூனையைத் தயிர்சாதம் காட்டிக் கூடைக்குள் தள்ளி, மூடியைப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டினேன். அது போட்ட கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். இவர் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம் ஒவ்வொரு படியாக, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி இறங்கினார். டாக்ஸியில் அவரை உட்காரவைத்து, மடியில் கூடையை வைத்துவிட்டு, சாவியை பௌதியிடம் கொடுக்கத் திரும்பி வந்தேன்.

பௌதி அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு சின்ன டப்பா. மேலே மூன்று பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது.

"தீதி, கோவிச்சுக்கக் கூடாது" என்று வங்காளியில் ஆரம்பித்தார். "இதுல கொஞ்சம் மீன் சாதம் இருக்கு. புது இடத்துல ரெண்டு நாளைக்கு அது எதையும் தொடாது. இதை வெச்சா மட்டும் சாப்பிடும்."

"எது? பூனையா? அது சைவமாச்சே பௌதி!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தினமும் காலையில் மீன் நறுக்கும்போது அது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்குமாம். மீன் தலையும் சோறும் முதல் பங்கு அதற்குத்தானாம். மீன் தின்ற வாயோடு எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று, தினமும் ஈரத் துணியால் மூஞ்சியைத் துடைத்துத்தான் மேலே அனுப்புவாராம். சாயங்காலம் திரும்பி வந்தால் அவர் கட்டிலில்தான் படுக்கையாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஐந்து வருஷம்! பூஜை அறை வாசல் வரை விட்டிருக்கிறேன். ஊரெல்லாம் சைவப் பூனை என்று தம்பட்டம் அடித்திருக்கிறேன். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க விரட்டிடுவீங்களோன்னு பயம் தீதி. அதுக்கு உங்க வீடும் பிடிச்சிருந்துச்சு."

"சரி, நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்வேன்? அண்ணனுக்கு உடம்பு இப்படி. அங்கே உங்களுக்கு யாரையும் தெரியாது. ஒரு துணையா இருக்கட்டும்னு..." அவருக்குப் பின்னால் அறை திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் ஒரு பழைய சால்வை மடித்துப் போட்டிருந்தது. அதன் மேலெல்லாம் சாம்பல் நிற முடி.

நான் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வராத அழுகை, மூன்று வார மூட்டை முடிச்சில் வராத அழுகை, அன்றைக்கு அந்தப் படியில் வந்தது. பௌதி பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

எழுந்து போய், இவர் மடியிலிருந்து கூடையை வாங்கி வந்தேன். பௌதி வாங்க மாட்டேன் என்றார். "வேண்டாம் தீதி, நீங்க ஆசைப்பட்டீங்க..."

"பௌதி, உங்ககூட மல்லுக்கட்ட எனக்கு இப்போ தெம்பில்ல. பிடிங்க."

முடிச்சை அவிழ்த்ததுதான் தாமதம், ஒரே பாய்ச்சலில் அந்தக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்ஸியில் ஏறினதும், "என்னாச்சு?" என்றார் இவர்.

"அது அசைவமாம்."

நெஞ்சில் தையல் வலிக்கிறது என்று கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மனுஷன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது டாக்ஸி பைபாஸைத் தொட்டிருந்தது.

பௌதி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறார். போன மாதம் மனசு தாங்காமல் கேட்டேவிட்டேன், "அது என்னைத் தேடவே இல்லையா?" என்று. "தேடாம இருக்குமா? நீங்க போய்ப் பத்து நாள் வரைக்கும் பதினொரு மணியானா மேல ஏறிப்போய், பூட்டின கதவு முன்னால உட்கார்ந்திருக்கும் தீதி" என்றார்.

உண்மையாக இருக்கலாம். என் மனசு நோகக் கூடாது என்று சொன்னதாகவும் இருக்கலாம். ஐந்து வருஷம் ஒரு விஷயத்தை மூச்சுவிடாமல் காப்பாற்றியவர் ஆயிற்றே! நான் துருவிக் கேட்கவில்லை. அந்தக் களைப்பான நாட்களில், என்னை நம்பி ஒரு உயிர் இருக்கிறது என்ற நினைப்புதான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது தெரிந்து தனக்கிருந்த ஒரே துணையை எனக்குக் கொடுத்தனுப்பத் துணிந்த ஒருவர் கீழ்வீட்டிலேயே இருந்திருக்கிறார், அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.