வெள்ளிக்கிழமை லொறி

பாலாவிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கம்பனியின் களஞ்சியம். கொழும்பிலிருந்து வரும் பிஸ்கட், சவர்க்காரம், பால்மா எல்லாம் அங்கே இறங்கி, கரையோரக் கடைகளுக்குப் பிரிந்து போகும். அங்கேதான் ஒப்பரேஷன்ஸ் டிரெய்னியாகச் சேர்ந்தேன். கழுத்தில் கம்பனி அட்டையோடு சாப்பிட உட்கார்ந்த என்னைப் பார்த்து, "அதக் கழட்டிட்டுச் சாப்பிடுங்க மகன், நீங்க யாரெண்டு எங்களுக்குத் தெரியும்," என்று உம்மா சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கழற்றவில்லை.

ஒப்பரேஷன்ஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். லொறியில் ஏறும் பெட்டிகளைச் சரிபார்த்து, வெளியேறும் சீட்டில் கையெழுத்து வைப்பதுதான் வேலை. ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு லொறியும் கேட்டைத் தாண்ட முடியாது. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வெளியே போகும்போதெல்லாம் சீட்டுப் புத்தகத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன்.

சிலாபத்துக்கு ஓடியது, நானா என்று நாங்கள் கூப்பிடும் வயதில் மூத்த ஒருவரின் சொந்த லொறி. சின்ன வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உழைத்து வாங்கியது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன்பே பெட்டிகளை ஏற்றித் தார்ப்பாயும் கட்டிவிடுவார். தொழுத கையோடு புறப்பட்டால் சிலாபத்து மொத்தக் கடையில் நேரத்துக்கு இறக்கலாம். நானோ தொழுகை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை என்றால் உம்மாவின் புரியாணி. சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து திரும்பும்போது இரண்டரை மணி தாண்டியிருக்கும். அவர் லொறி நிழலில் குந்திக்கொண்டிருப்பார். லாச்சிச் சாவி என் சட்டைப்பையில்.

"தம்பி, கையெழுத்த முன்னுக்கே வெச்சுத் தந்தா நான் போயிருப்பேனே," என்றார் ஒருமுறை.

"புறப்படக்குள்ளதான் வெக்கணும் நானா. கம்பனிச் சட்டம்," என்றேன். அப்படி ஒரு சட்டமும் இல்லை.

பிந்திப் போனால் அந்தக் கடையில் சரக்கு எடுக்க மாட்டார்கள். பெட்டிகள் அப்படியே திரும்பி வரும். திங்கட்கிழமை கொழும்புக் கணினி காரணம் கேட்கும். பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும்: வாகனப் பழுது, வீதித் தடை, சாரதி தாமதம், களஞ்சியத் தாமதம். கடைசியைத் தொட்டால் என் தலையில் விழும். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சாரதி தாமதம் என்று தொட்டேன். முதல் தடவை மனசு கூசியது. மூன்றாம் தடவை கூசவில்லை. இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருப்பது அந்த மூன்றாம் தடவைதான்.

அடுத்த கிழமை அவருடைய லொறியை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. மாத முடிவில் இன்னொரு கடிதம், எனக்கு: வேலை நிரந்தரம்.

அவர் உப்பு ஏற்றப் போனார். உப்பு ஏற்றும் லொறியை உப்பே தின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சில மாதங்கள் கழித்து அந்த லொறியைச் சந்தியில் கண்டேன். கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அவர் பார்ப்பதற்குள் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

எத்தனை நாளைக்கு ஒதுங்குவது? ஒரு ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்து கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் லேட் எண்டு எழுதியிருக்காங்களாம். பெட்டி ஏத்திட்டு நான் காத்துக்கொண்டு நிண்டது உங்களுக்குத் தெரியுந்தானே. கொழும்புல யாரோ தெரியாம எழுதிட்டாங்க போல. ஒருக்கா சொல்லிப் பாருங்களேன். எனக்குச் சாட்சி நீங்கதான்."

எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். தொழுத இடத்தை விட்டு நாலு அடிகூட வந்திருக்கவில்லை.

"ஓம் நானா, சொல்லிப் பாக்குறேன்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உங்கட வேல நிரந்தரமாயிட்டாமே, மாஷா அல்லாஹ். அல்லாஹ் உங்கள இன்னும் மேல கொண்டு வரணும்," என்று அங்கேயே இரண்டு கைகளையும் ஏந்தினார்.

பக்கத்தில் நின்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன்.